ஆவணம் யார் கையில்?

1999-இல் இங்கிலாந்தின் உரிமையியல் நடைமுறை விதிகள் புதிதாக நடைமுறைக்கு வந்தபோது ஒரு சொல் மாறியது. அதுவரை ‘டிஸ்கவரி’ எனப்பட்டது ‘டிஸ்க்ளோஷர்’ ஆயிற்று. கண்டறிதல் தேடுபவரின் வினை. வெளிப்படுத்தல் வைத்திருப்பவரின் கடமை. மொழியியல் பயின்றவளாகிய எனக்கு இந்த எழுவாய் மாற்றம் சிறிதாகத் தோன்றவில்லை.

அவ்விதிகளுள் 31.16 இன்னும் முன்னே செல்கிறது. வழக்குத் தொடரும் முன்பே, எதிர்த்தரப்பாக வரக்கூடியவர் தம்மிடமுள்ள ஆவணங்களைக் காட்டுமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். அதனால் வழக்கு நேர்மையாக முடியவோ, வழக்கின்றியே பூசல் தீரவோ, செலவு குறையவோ வாய்ப்பிருக்க வேண்டும். பொதுவாக, கேட்பவரே மறுதரப்பின் செலவையும் ஏற்க வேண்டும். ஆகவே வெறும் ஐயத்தோடு பிறர் அலமாரியைத் துழாவ இயலாது. அதற்கு முன்பே, 1973-இல், நார்விச் ஃபார்மகல் வழக்கில், காப்புரிமையை மீறி மருந்து இறக்குமதி செய்தோரின் பெயர்களைச் சுங்கத் துறை தெரிவிக்க வேண்டுமெனப் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்திருந்தது.

நம் நாட்டில், 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 11-இல் ஆவண வெளிப்பாட்டுக்கு வழிசெய்கிறது. ஆனால் வழக்கின் தரப்பினர் ஆன பிறகே. வழக்குரையில் வழக்கெழு காரணம் புலப்படாவிட்டால், கட்டளை 7, விதி 11 அதை வாசலிலேயே நிராகரிக்கச் சொல்கிறது. ஆவணம் பிறர் கையில் இருந்தால் அதைக் குறிப்பிட்டு வழக்கிடலாம் என்பது உண்மையே. அப்படி ஓர் ஆவணம் உண்டென்பதாவது தெரிந்திருக்க வேண்டுமே!

என் தோழி ஒருத்தி மலைக்கிராமங்களில் முதியோரின் பேச்சை ஆய்வுக்கென மட்டும் ஒப்புதல் பெற்றுப் பதிவுசெய்தாள். அப்பதிவுகள் ஒரு தனியார் நிறுவனத்தின் குரல் செயலியைப் பயிற்றப் பயன்பட்டிருக்கலாம் என ஐயுறுகிறாள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, காரணம் கேளாமல் தகவல் தரச் சொல்லும் சிறந்த சட்டம். எனினும் அது பொது அதிகார அமைப்புகளையே கட்டுப்படுத்தும். தனியார் நிறுவனத்திடம் அதைக் கொண்டு நேரே கேட்க முடியாது. பயிற்சித் தரவின் பட்டியலோ அந்நிறுவனத்திடமே உள்ளது. தங்கள் குரல் எங்கே போயிற்று என்று அம்முதியோர் கேட்டால், அவளிடம் விடையில்லை.

வரம்புகளோடு கூடிய அத்தகைய விதி நமக்கும் வேண்டும் என்பது என் எண்ணம். செலவைக் கேட்பவர் மீது சுமத்தும் பகுதியை மட்டும் அப்படியே ஏற்கக் கூடாது. கல்வி உதவித்தொகையில் வாழ்பவருக்கு அதுவே இன்னொரு பூட்டாகிவிடும். சட்டம் பயிலும் நண்பர்கள் இதுபற்றி எழுத வேண்டுகிறேன்.