வீங்காத காலிலும் புழு இருக்கும்



யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரையுடன் சுகாதாரப் பணியாளர்கள் வரும்போதெல்லாம், "எங்கள் வீட்டில் யாருக்கும் கால் வீங்கவில்லையே, எங்களுக்கு எதற்கு உஸ்தாத்?" என்று மத்ரஸா மாணவர்களின் பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான ஐயம்தான். ஆனால், அந்த ஐயத்தின் மறைவில்தான் இப்புழு காலங்காலமாகப் பிழைத்து வருகிறது.

கியூலெக்ஸ் கொசுவின் வழியே உடலில் புகும் இப்புழு, நிணநீர் நாளங்களில் குடியேறி ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து, இலட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈனுகிறது. சிறு முள் தைத்தாலும் சீழ் கட்டி வெளித்தள்ளும் உடல், இதனை ஏன் விட்டுவைக்கிறது? எதிர்ப்பாற்றல் அளவு மீறிச் சினந்து தன் உடலையே அழித்துவிடாதிருக்க, அதனை அடக்கும் உயிரணுக்களையும் அல்லாஹ் படைத்துள்ளான். புழு அந்தக் கடிவாளத்தையே பற்றி இழுக்கிறது. ஆகவே, இரத்தத்தில் நுண்புழு நிறைந்தவர் பெரும்பாலும் எந்த நோய்க்குறியுமின்றி நடமாடுவார். கால் வீங்கியவரின் இரத்தத்திலோ பல வேளைகளில் நுண்புழுவே இராது. அவரைக் கண்டு ஒதுங்கி அமர்வது அறியாமை மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் நாளங்களில் பதுங்கி, கொசு கடிக்கும் இரவில் வெளிப்புற இரத்தத்திற்கு வருகின்றன. இரத்த மாதிரி எடுப்போர் இஷாவுக்குப் பின் கதவைத் தட்டுவது அதனால்தான், கடிந்துகொள்ள வேண்டாம்.

டி.இ.சி., அல்பெண்டசோல் மாத்திரைகள் நுண்புழுக்களை ஒழிக்கும். தாய்ப்புழுக்கள் அனைத்தையும் கொல்லா. எனவேதான் ஆண்டுக்கொருமுறை, குறைந்தது ஐந்தாண்டுகள் கொடுக்கிறார்கள். உண்டபின் சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வரும். மடியும் நுண்புழுக்களால் பெரும்பாலும் நேர்வது அது. அதைக் கண்டு, "மாத்திரையே நோயைத் தந்தது" என்று தெரு முழுதும் பேசி, அடுத்த ஆண்டு பத்து வீடுகள் கதவைச் சாத்திக்கொள்கின்றன. இலங்கை 2016இல் இந்நோயை ஒழித்த நாடாக உலக சுகாதார அமைப்பால் ஏற்கப்பட்டது. அங்கும் இதே புழு, இதே கொசுதான்.

கர்ப்பிணிகளுக்கும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கடும் நோயாளிகளுக்கும் இம்மாத்திரை இல்லை. வெறும் வயிற்றில் உண்ணலாகாது. நோன்பு நாளாயின் இப்தாருக்குப் பின் உணவு உண்டு உட்கொள்ளலாம்.

கால் வீங்கியவர்களுக்கு மருத்துவர்கள் கூறுவது, நாள்தோறும் பாதத்தையும் விரலிடுக்குகளையும் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும் என்பதே. விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுவது உளூவில் நமக்குப் பழகிய சுன்னத். துடைப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறோம். அத்தகையோர் பள்ளிவாசலுக்கு வரும்போது தமக்கென ஒரு துண்டு கொண்டு வரட்டும். ஹவுளருகே அமர்ந்து துடைத்துக்கொள்ள ஒரு முக்காலியை நிர்வாகிகள் போட்டுவைக்கட்டும்.