வாயிலின் ஒழுக்கம்

பிறர் வீட்டு வாயிலில் நின்று ஸலாம் உரைத்து, உள்ளே வர இசைவு கேட்க வேண்டும். மும்முறை கேட்டும் விடை வராவிடில் மனங்கோணாது திரும்பிவிட வேண்டும். இது நம் மார்க்கம் கற்பித்த நாகரிகம். வாயிலுக்கு வருபவனுக்கு ஓர் ஒழுக்கம் இருப்பது போன்றே வாயிலுக்கு உரியவனுக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. வெளியே நிற்பவன் கண்ணில் எது படலாம், எது படலாகாது என்பதை அவன் முன்னரே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். முதற்பகுதியை முப்பதாண்டுகளாகப் பாடமாக நடத்திவரும் நமக்கு இரண்டாம் பகுதியைக் கற்பித்தது ஒரு பழைய கணினி.

மயிலாப்பூரில் மாலை வேளையில் நாம் நடத்தும் அரபு வகுப்புக்கு, தியாகராய நகர் அன்பர் ஒருவர் தம் வீட்டுக் கணினியை மனமுவந்து அளித்தார். அதிலிருந்த விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபருடன் முடிந்துவிட்டதால் அவர் புதியது வாங்கியிருந்தார். பன்னிரண்டு மாணவர்கள் சூழ்ந்து நிற்க, கணினியை இயக்கினோம். கடவுச்சொல் கேட்கும் நுழைவுத்திரை தோன்றியது. திரை முழுவதும் அவர் வீட்டுத் திருமணப் படம்; மணமகளும் தங்கையரும் முக்காடின்றிச் சிரித்துக்கொண்டிருந்தனர். கீழே மூலையில் குடும்பத்தார் ஐவரின் பெயர்கள் வரிசையாக நின்றன. நாம் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையின் மீது போட்டோம். மாணவர்கள் தலை குனிந்தனர்.

செய்தி சொன்னபோது அன்பர் பதறிப்போனார். “கடவுச்சொல் போட்டிருக்கோமே ஹஜ்ரத், அதைத் தாண்டி யாரும் எதையும் பார்க்க முடியாதுன்னு நினைச்சேன்” என்றார். அவரைக் குறை கூற நமக்கு வாயில்லை. அதற்கு முந்திய மாதந்தான் நம் மடிக்கணினியை அடையாற்றில் பழுது பார்க்கும் கடையொன்றில் இரண்டு நாள் விட்டு வந்திருந்தோம். அதன் நுழைவுத்திரையிலும் நம் பேத்தியின் படம் இருந்தது. துணைவியார், மகள் ஆகியோரின் பெயர்களும் இருந்தன. கடைக்கு வந்து போனோர் எத்தனை பேர் கண்டனரோ!

நுழைவுத்திரை வீட்டின் உட்புறமன்று. அது தெருவைப் பார்த்த கதவு. கடவுச்சொல் காப்பது அதற்குப் பின்னால் உள்ளதையே. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுப் பயன்படுத்தியபோது, ஒருவர் கோப்பை மற்றவர் காணாதிருக்கும் பொருட்டுக் கடவுச்சொல் புகுத்தப்பட்டது. பின்னர் வந்த யூனிக்ஸ் மரபுக் கணினிகளில், பெயர் கேட்குமுன் காட்டும் வாசகத்துக்கு ‘இஷ்யூ’ என்றொரு கோப்பு; உள்ளே வந்தவருக்குக் காட்ட ‘அன்றைய செய்தி’ எனப் பொருள்படும் வேறொரு கோப்பு. வெளியாருக்கு ஒரு சொல், உள்ளாருக்கு ஒரு சொல் என்று அம்மரபினர் பகுத்தே வைத்திருந்தனர்.

அன்பரின் படங்களையும் கோப்புகளையும் அவரிடமே சேர்ப்பித்துவிட்டு, வட்டினை முற்றிலும் துடைத்து, டெபியன் லினக்ஸை நிறுவினோம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ இயங்குதளமும் இந்த டெபியன் வழி வந்ததே. இதில் நுழைவுத்திரையைக் காட்டும் வேலை ‘லைட்டிஎம்’ என்னும் நிரலுடையது.

மாணவரில் ஒருவர் பிஸ்மில்லாஹ் எழுத்தோவியம் ஒன்றைத் தம் கோப்புறையில் வைத்து, அதனை நுழைவுத்திரைக்குப் பின்னணியாக அமைத்தார். மீண்டும் இயக்கியபோது ஓவியம் வரவில்லை. ஆராய்ந்து பார்த்ததில் காரணம் விளங்கிற்று. அந்த நிரல் தனியொரு பயனராக இயங்குகிறது; பிறர் கோப்புறையைத் திறந்து பார்க்க அதற்கு அனுமதியில்லை. காவற்காரன் வீட்டுக்குள் வரமாட்டான். அவன் காட்ட வேண்டியதை அவன் கைக்கு எட்டும் பொது இடத்தில் வைக்க வேண்டும். வெளியே காட்டுவதற்கென்று ஒன்றை எடுத்து வைக்கும்போதே, ‘இது வெளியார் பார்வைக்கு உரியதுதானா?’ என்று நாமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாமே.

பொது இடத்துக்கு மாற்றியதும் ஓவியம் தோன்றியது. ஆயின் கடவுச்சொல் பெட்டி நட்டநடுவில் அவ்வெழுத்தின் மீதே வந்து அமர்ந்தது. “ஹஜ்ரத், இது வேணாம்” என்று அம்மாணவரே எடுத்துவிட்டார். ஒன்றும் சொல்லாமலே பாடம் விளங்கியது கண்டு மகிழ்ந்தோம். முடிவில் பச்சை நிறப் பின்னணி. மேற்பகுதியில் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று தமிழில் பெரிய எழுத்து. அடியில் ‘இக்கணினி மாலை வகுப்புக்கு உரியது’ என்றொரு வரி. பயனர் பட்டியலை மறைக்கும் கட்டளை ஒன்றையும் அமைப்புக் கோப்பில் சேர்த்தோம். இப்போது நுழைய விரும்புபவர் தம் பெயரைத் தாமே சொல்லியாக வேண்டும். வாயிலில் நிற்பவர் ‘நான்’ என்று மட்டும் சொன்னால் போதாதல்லவா?

விண்டோஸ் வைத்திருக்கும் இல்லங்களில் இது இன்னும் எளிது. அமைப்புகளில் பூட்டுத்திரைப் பகுதிக்குச் சென்றால் படத்தை மாற்றலாம்; அங்கே அறிவிப்புகள் தோன்றாமலும் தடுக்கலாம். கைப்பேசிக்கு இது மிகமிக இன்றியமையாதது. வங்கி அனுப்பும் ஒருமுறை எண் பூட்டிய திரையிலேயே பளிச்செனத் தெரியுமானால், பூட்டு இருந்தும் பயனென்ன?

முகப்பை மாற்றுவதாலேயே காவல் வந்துவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். மறையாக்கம் செய்யாத வட்டினைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால், கடவுச்சொல் இன்றியே அனைத்தையும் காணலாம். ஆகவே, கணினியைப் பிறருக்கு அளிக்குமுன் வட்டினைத் துடைத்துக் கொடுப்பதே முறை.

அன்றிரவே நம் மடிக்கணினியின் நுழைவுத்திரையைத் திருத்தினோம். மறுநாள் பேத்தி வந்து பார்த்துவிட்டு, “நன்னா, என் படம் எங்கே?” என்று முகம் வாடினாள். கடவுச்சொல்லை இட்டுத் திறந்து காட்டினோம். உள்ளே, திரை முழுவதும் அவளே இருந்தாள்.