வலிக்கு எந்த மொழி?

எங்கள் வகுப்பில் மதிய உணவு வரை ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். தமிழ் பேசினால் லீடரின் நோட்டில் பெயர் ஏறிவிடும். சென்ற மாதம் டெஸ்க் மூடி விரலில் விழ, தோழி ஒருத்தி "அம்மா!" என்று அலறினாள். லீடர் உடனே பெயரை எழுதிவிட்டாள்! விரலோ வீங்கிக்கொண்டிருந்தது. மனம் பொறுக்காமல் சிஸ்டரிடம் ஓடினோம். "ஆங்கிலத்தில் 'அவுச்' என்று சொல்லியிருக்கலாமே" என்று சிரித்தார். பெயரை மட்டும் அடிக்கவில்லை.

விடுவோமா? நூலகத்தில் தேடினோம். அந்த 'அவுச்' ஆங்கிலத்தில் அப்படியொன்றும் பழைய சொல் அல்லவாம்! 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் எழுத்துக்கு வந்தது. அங்கே குடியேறிய ஜெர்மானியரிடம் பெற்றது என்பர். 2024இல் வெளியான ஓர் ஆய்வோ, 131 மொழிகளின் உணர்ச்சிச் சொற்களைத் திரட்டிப் பார்த்து, வலிச் சொற்களில் 'ஆ', 'ஐ', 'ஔ' ஒலிகளே மிகுதி என்கிறது. நம் 'ஐயோ'வும் அந்த இனந்தானே!

இருந்தாலும் ஒரு வாரம் ஒருவரையொருவர் கிள்ளிக் கிள்ளி 'அவுச்' பழகினோம். நன்றாகவே வந்தது. வெள்ளிக்கிழமை காலை த்ரோபால் ஆட்டத்தில் பந்து லீடரின் மூக்கில் மோதியது.

"ஐயோ, அம்மா!"

நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. மூக்கைப் பிடித்தபடியே வகுப்புக்கு வந்தவள், நோட்டைத் திறந்து, தோழியின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.