பாம்படமும் பரிணாமமும்

சிவந்த நிறப் பெண்ணை ஆண் விரும்புவது பரிணாமம் அவன் மூளையில் எழுதிவைத்த விதி, அதில் அவன் குற்றம் என்ன இருக்கிறது என்றொரு வாதம் படித்தவர்களிடையே புழங்கி வருகிறது. பெண் பார்த்துவிட்டு வந்து 'கலர் கம்மி' என்று மறுத்த உறவுக்காரப் பையன் ஒருவனும் இதையே சொன்னான். கேட்டபோது எனக்கு எங்கள் அத்தையின் காதுகள்தான் நினைவுக்கு வந்தன.

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. ஆச்சியின் காதுகள் தோளைத் தொடுமளவு தொங்கும். அவற்றில் பாம்படம் ஆடும். குழந்தைப் பருவத்திலேயே காது குத்தி, துளையைப் பஞ்சுத் திரியால் அகலப்படுத்தி, பிறகு ஈயக் குணுக்கு மாட்டிக் காது வளர்ப்பார்கள். வளராத காது அன்று ஒரு குறை. அத்தைக்கும் அப்படித்தான் வளர்த்தார்கள். அவளுக்கு மாப்பிள்ளை தேடும் காலம் வந்தபோதோ, தொங்கு காது பட்டிக்காட்டு அடையாளமாகிவிட்டிருந்தது. சதையை அறுத்துத் தைத்து, சிறு கம்மல் போட்டுத்தான் மணையில் உட்கார வைத்தார்கள். ஆச்சியின் பாம்படத்தை உருக்கி அவளுக்குச் சங்கிலி செய்தார்கள். தையல் தழும்பின் மேல் முடியை இழுத்து விட்டுக்கொள்ளும் பழக்கம் அத்தையைக் கடைசிவரை விடவில்லை.

இருவருக்கும் இடையே ஒரே ஒரு தலைமுறைதான். அதற்குள் மனித மூளை பரிணாமத்தால் மாறியிருக்க வழியில்லை. மாறியது ஊரின் பார்வை. 1871இல் வெளிவந்த தம் நூலில் டார்வின், பல்வேறு இனக்குழுக்கள் காதையும் உதட்டையும் பல்லையும் அழகுக்காக மாற்றிக்கொள்ளும் விதங்களைத் தொகுத்துக் காட்டுகிறார். உடலழகுக்குப் பொதுவானதோர் அளவுகோல் மனித மனத்தில் இல்லை என்பதே அவர் வந்தடைந்த முடிவு.

இதில் பரிணாமத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்மயிலின் தோகை பெரும் சுமை. அத்தகைய சுமையோடும் உயிர் பிழைத்திருப்பதே வலிமைக்கான அத்தாட்சி என்று 1975இல் இஸ்ரேலிய உயிரியலாளர் அமோட்ஸ் ஸஹாவி விளக்கினார். பாம்படமும் ஒருவகைத் தோகைதான். வீட்டின் பொன்வளத்தை அது ஊருக்குச் சொன்னது. வெளுத்த தோலும் அவ்வாறே, மானாவாரிக் காட்டில் களையெடுக்கவோ பருத்தி எடுக்கவோ போகத் தேவையில்லாத வீட்டுப்பெண் என்பதன் அடையாளம். அடையாளங்களைத் தேடும் பழக்கத்தை இயற்கை தந்திருக்கலாம். எது அடையாளம் என்பதை ஊரும் காலமும்தான் கற்பிக்கின்றன என்றே தோன்றுகிறது.

உடல்நலம்தான் அளவுகோல் என்றால் கணக்கு வேறாக இருந்திருக்க வேண்டும். கடும் வெயில் நிலங்களில் கறுத்த தோல் புற ஊதாக் கதிர்களிடமிருந்து ஃபோலேட் சத்தைக் காக்கிறது, கருவின் வளர்ச்சிக்கு அச்சத்து இன்றியமையாதது என்று நீனா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000இல் எழுதினார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் வெயிலில் பரிணாமம் சிபாரிசு செய்ய வேண்டியது கறுத்த பெண்ணையே. சந்தையின் சிபாரிசு வேறு. ஸஹாவியின் கட்டுரை வந்த அதே 1975இல்தான் 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 2020இல் அதன் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. தரகர்களின் 'நல்ல கலர்' மட்டும் எங்கும் போகவில்லை. மண் நல்ல கறுப்பென்றால் நிலத்துக்கு மதிப்புக் கூடுகிற ஊரில், பெண் கறுப்பென்றால் கூடுதலாகப் பவுன் கேட்கிறார்கள்.

காதையாவது அறுத்துத் தைக்க முடிந்தது. நிறத்தை எங்கே போய்த் தைப்பது? பரிணாமம் மாறக் காத்திருக்க வேண்டுமென்றால் நமக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் அழகென்று கொண்டாடியதை ஒரே தலைமுறையில் அவமானமாகப் பார்க்கப் பழகிய கண்கள் இவை. எதிர்த்திசையில் பழக இவற்றுக்கு அதைவிட அதிகக் காலம் எதற்கு?