வளைந்த பால்கோவா

போன செமஸ்டரில் எனக்கு நடந்த கூத்து இது. படித்துவிட்டுச் சிரியுங்கள், பரவாயில்லை.

செமினார் தலைப்பு: 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு. முந்தின நாள் ராஜபாளையத்தில் ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்து பவர்பாயிண்டில் முதல் ஸ்லைடு செய்தேன். வேர்ட்ஆர்ட்டில் 'பால்கோவா' என்று வில் மாதிரி வளைத்து, மஞ்சள் கலர், பின்னால் நிழல்... கல்யாணப் பத்திரிகை தோற்றது போங்க!

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில், வகுப்பு கம்ப்யூட்டரில் திறந்தால் அதே வளைவு, அதே நிழல். எழுத்து மட்டும் ஜி, எச், ஒய், அரைப்புள்ளி, என், எஃப், எச், டி, எச்! வகுப்பே சிரித்தது. எனக்குப் பேச்சே வரவில்லை.

கடையில் நான் அடித்தது பாமினி எழுத்துரு. அதில் தமிழ் வெறும் வேஷம், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடு அப்படியில்லை, அதில் தமிழ் தமிழாகவே இருக்கும். தமிழக அரசே 2010-ல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. நான்தான் லேட்.

ஒரு ஊரின் பெயரைக் காப்பதுதான் புவிசார் குறியீடு. அதைப் பற்றிப் பேசப் போனவன், அந்தப் பெயரைப் பக்கத்து ஊர் வரைக்கும்கூடப் பத்திரமாகக் கொண்டுபோகவில்லை.

நண்பர்களே, முதலில் யூனிகோடில் அடியுங்கள். அப்புறம் எப்படி வேண்டுமானாலும் வளையுங்கள்!