வெயில் நாளில் ஒழுகிய வீடு

கனடாவின் ரெஜைனாவில் நாங்கள் வாங்கிய வீடு முதன்முதலாக ஒழுகியது மழையில் அல்ல, ஜனவரி மாதத்து வெயிலில். அதற்கு முன் மூன்று வாரம் மைனஸ் 30 டிகிரியைச் சுற்றியே குளிர் நின்றிருந்தது. பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காற்று திசை மாறியது. மதியத்துக்குள் பூஜ்யம் வரை ஏறிவிட்டது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலிருக்கும் நடையில் தண்ணீர் சொட்டுவதை முதலில் பார்த்தவள் அம்மா. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

“ஏண்டி, வெளியில வெயில் அடிக்கறது. ஆம் எப்படி ஒழுகறது?” என்று கேட்டுக்கொண்டே ஒரு பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்து சொட்டுக்கு நேராக வைத்தாள்.

மறுநாள் வந்த வேலைக்காரர் அறுபதைத் தாண்டியவர். நடையின் கூரையில் இருந்த சதுரப் பலகையைத் தூக்கிக்கொண்டு அட்டிக்கினுள் ஏறினார். நம் ஊர்ப் பரண் மாதிரிதான் அட்டிக். ஆனால் சாமான் வைக்க அல்ல, குளிரை வைக்க. கூரைச் சரிவுக்கும் வீட்டின் உட்கூரைக்கும் நடுவே இருக்கும் அந்த இருட்டு வெளியின் தரையெங்கும் பஞ்சுபோன்ற காப்புப் பொருள் பரப்பியிருக்கும். அவர் கைப்பேசியில் படம் எடுத்து வந்து காட்டினார். கூரைப் பலகையில் அடித்த ஆணிகளின் முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றிலும் கல்கண்டு கோத்ததுபோல் வெள்ளை உறைபனி. பலகை முழுக்கவும் அதே வெண்மை. மூன்று வாரமாக அங்கே சேர்ந்த பனி ஒரே வெயிலில் உருகி எங்கள் தலைமேல் இறங்கிவிட்டது.

பனி வெளியிலிருந்து வந்ததல்ல, எங்கள் வீட்டிலிருந்தே போனது. குளியலறை விசிறியிலிருந்து கூரைக்கு மேல் போக வேண்டிய நெளிகுழாய் எப்போதோ கழன்று அட்டிக்கின் நடுவிலேயே வாய் திறந்து கிடந்தது. நாங்கள் ஐந்து பேர். காலை வெந்நீர்க் குளியலின் நீராவி, குழந்தைகள் மறந்து ஓடவிட்ட விசிறி வழியாக, நாள் தவறாமல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இட்லிப் பானையின் ஆவியும் சாதம் வடித்த ஆவியும் அட்டிக் கதவின் இடுக்கு வழியாகத் தம் பங்குக்கு ஏறியிருக்கின்றன. அந்தப் பெரியவர் குழாயை மாட்டி, அதன்மேல் காப்புறை சுற்றி, கதவின் ஓரத்துக்கு ரப்பர் பட்டை ஒட்டிவிட்டு, ஒரே ஒரு விஷயம் சொன்னார்: இந்த ஊரில் வீட்டைக் கெடுப்பது பனியில்லை, தப்பிப் போகிற ஈரக் காற்று.

அன்றிலிருந்துதான் நான் வீட்டின் காற்றைப் பின்தொடர ஆரம்பித்தேன். அதுவரை தரையில் இருக்கும் இரும்புச் சல்லடைகளிலிருந்து சூடு வருகிறது என்பது மட்டும்தான் தெரியும். நிலவறையில் ஃபர்னஸ் எரிகிறது. அதன் விசிறி சுடுகாற்றைத் தகரக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் தள்ளுகிறது. ஆறிய காற்று சுவரோரத்து வேறு சல்லடைகள் வழியாகத் திரும்பிப் போகிறது. அந்தத் தகரக் குழாய்களைத்தான் டக்ட் என்கிறார்கள். போகிற வழியும் திரும்புகிற வழியும் இரண்டுமே திறந்திருந்தால்தான் சுற்று ஓடும். திரும்பும் சல்லடைமேல் நாங்கள் புத்தக அலமாரியை நிறுத்தியிருந்தோம். எங்கள் படுக்கையறை நான்கு ஆண்டுகள் சில்லென்று இருந்ததற்கு அதுதான் காரணம். அலமாரியை ஓரடி நகர்த்திய அன்றிரவே அறை மாறிவிட்டது.

அம்மாவுக்கு அந்தச் சல்லடைகள் முதல் நாளே பிடித்துப்போயின. இட்லி மாவுப் பாத்திரத்தை அதன் பக்கத்தில் வைத்தால் ஜனவரியிலும் பொங்கி வழியும். மோர்மிளகாயைத் தட்டில் பரப்பி மேலே வைத்து நாலே நாளில் காயவைத்தாள். தட்டிலிருந்து உதிர்ந்த விதைகளும் உப்பும் உள்ளே விழுந்து, வீடு முழுக்க இரண்டு நாள் மிளகாய் நெடி. நிலவறையில் பிள்ளைகள் இருமினார்கள். ஒரு அறையில் விழுந்தது எல்லா அறைக்கும் போகும் என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தது அந்த நெடிதான். அதன் பிறகு அவளே மாதம் ஒருமுறை ஃபர்னஸின் காற்று ஃபில்டரை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். தாளிப்பு அதிகமாக உள்ள வீட்டில் ஒரு அங்குல ஃபில்டர் மூன்று மாதம் தாங்குவதில்லை. எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து களிம்பாகிவிடும். அடைத்த ஃபில்டரோடு ஓடும் விசிறி அதிக மின்சாரம் தின்று குறைந்த காற்றைத் தரும். 2023, 2025 கோடைகளில் காட்டுத்தீப் புகை ஊரை மூடியபோது, நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ் 13 ஃபில்டரைப் போட்டுவிட்டு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு அந்தக் குழாய்களை நம்பித்தான் மூச்சு விட்டோம்.

குழாய் இணைப்புகளில் கையை வைத்துப் பார்த்தால் காற்று கசிவது தெரியும். சாதாரண வீடுகளில் குழாயில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் இப்படி வீணாகிறது என்கிறது அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டம். எங்கள் குழாய்கள் நிலவறைக்குள்ளேயே ஓடுவதால் கசிந்தது வீட்டுக்குள்தான் கிடக்கும். அட்டிக்கில் குழாய் ஓடும் வீடுகளில் அது அப்படியே வானத்துக்குப் போகும். அடைப்பதற்கு டக்ட் டேப் போதும் என்றுதான் நானும் வாங்கி வந்தேன். பெர்க்லி ஆய்வகத்தில் மேக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் 1998இல் பலவகைப் பொருள்களைச் சோதித்தபோது, குழாயின் பெயரையே தாங்கிய அந்தத் துணி நாடாதான் சூட்டில் பசை காய்ந்து தோற்றது. மாஸ்டிக் என்ற பசையைத் தூரிகையால் பூசுவதே நிலைக்கிற வழி. ஒரு சனிக்கிழமை நானும் என் கணவரும் பூசி முடித்தோம். தோசை மாவுப் பதம்.

இங்கே இருக்கிற எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் ‘டக்ட் சுத்தம் செய்கிறோம்’ என்று தொலைபேசி வரும். நானும் ஒருமுறை ஏமாந்து, அரை மணி நேர உறிஞ்சலுக்குப் பெரிய தொகை கொடுத்தேன். பூஞ்சையோ எலியோ கண்ணால் தெரிகிற தூசிக் குவியலோ இருந்தால் சுத்தம் செய்யத்தான் வேண்டும். மற்றபடி அது நோயைத் தடுக்கும் என்று நிரூபணமானதில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளிப்படையாகவே சொல்கிறது. புதிதாக வந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பணத்துக்கு அட்டிக்கில் காப்புப் பொருள் போடலாம்.

நாங்கள் போட்டோம். போரேட் கலந்து துகளாக்கிய பழைய செய்தித்தாள்தான் அது, செல்லுலோஸ் என்பார்கள். ஐந்து அங்குலம் இருந்ததைப் பதினாறுக்கு மேல் உயர்த்தினோம். வெப்பம் கடப்பதைத் தடுக்கும் திறனை இங்கே ‘ஆர்’ என்ற எண்ணால் அளக்கிறார்கள். எங்களுடையது ஆர் 20இலிருந்து ஆர் 60க்குப் போனது. சரிவின் விளிம்பில் உள்ள காற்றுத் துளைகளை மட்டும் பஞ்சு மூடாமல் அட்டை வைத்துக் காத்தார்கள். அட்டிக் குளிர்ந்தே இருக்க வேண்டும், வீடு சூடாகவே இருக்க வேண்டும். நடுவில் கலக்கவே கூடாது.

இந்தப் பாடம் பிறந்த ஊரிலேயே நான் குடியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1977இல், ரெஜைனாவில் சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் கட்டினார்கள். ஹரால்ட் ஓர் என்ற பொறியாளரும் அவருடைய கூட்டாளிகளும் சுவருக்கு ஆர் 40, கூரைக்கு ஆர் 60 கொடுத்து, ஓட்டையில்லாமல் அடைத்து, ஃபர்னஸே வைக்காமல் விட்டார்கள். ஆனால் அடைத்த வீட்டில் மனிதன் எப்படி மூச்சு விடுவான்? வெளியேறும் அழுக்குக் காற்றின் சூட்டை உள்ளே வரும் புதுக் காற்றுக்கு மாற்றிக்கொடுக்கும் பெட்டி ஒன்றை வைத்தார்கள். இரண்டு காற்றும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும், ஒன்றோடொன்று கலக்காது. 1991இல் டார்ம்ஸ்டாட்டில் மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் முதல் ‘பாசிவ் ஹவுஸை’க் கட்டிய ஜெர்மானியர்கள் இந்த வீட்டைத் தங்கள் முன்னோடிகளில் ஒன்றாக மதிக்கிறார்கள். நான் அந்த வழியாகக் காரில் போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் போகக் கூடாது. புதுவகை ஃபர்னஸுகளின் புகைக் குழாய் பக்கச் சுவர் வழியாக வெளியே வரும். பனிப்புயலில் அதன் வாய் மூடினால் ஃபர்னஸ் நின்றுபோகலாம்; கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பவும் கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக்கில் அடைபட்ட புகைப்போக்கியால் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் போனார்கள். எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2022 ஜூலை 1 முதல் எல்லாக் குடியிருப்புகளிலும் எச்சரிக்கைக் கருவி கட்டாயம். புயல் ஓய்ந்ததும் வாசல் பாதைக்கு முன்பாக அந்தக் குழாய் வாயைத்தான் நாங்கள் துடைப்பத்தால் தள்ளிச் சுத்தம் செய்கிறோம். ஊரிலிருந்து மாணவராக வந்து நிலவறைகளில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டதும் அடுத்து அந்தக் கருவி இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

அம்மா திரும்பிப் போன அடுத்த ஆண்டு, பிள்ளைகளின் விடுமுறையில், ஆடி மாதம் ஸ்ரீரங்கம் போனோம்.

கீழ உத்திர வீதியில் எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. முகப்பு குறுகல், ஆழம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை எல்லாம் ஒரே நேர்க்கோட்டில். வாசற்படியில் நின்றால் கொல்லைக் கிணற்று ராட்டினம் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று காவிரிச் சமவெளியெங்கும் அடித்து வந்து எங்கள் ரேழியில் நுழைந்து கொல்லை வழியாகப் போகும். சிறு வயதில் பேப்பர் பறக்காமலிருக்க அதன்மேல் அப்பா வெற்றிலைப் பெட்டியை வைத்துப் படிப்பார். காற்றே இல்லாத கத்திரி வெயில் நாளில் முற்றம் வேலை செய்யும்: சூடேறிய காற்று மேலே போக, வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் குளிர்ந்தது நகர்ந்து வரும். சுவரின் உச்சியில் வென்டிலேட்டர். சமையலறையில் புகைக்கூண்டு. மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்கள்மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புச் சுருக்கி போட்டு, தட்டோடு பதித்தது. மதிய வெயில் அந்தக் கனத்தைக் கடந்து கீழே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் நாங்கள் மொட்டை மாடிக்குப் படுக்கையை எடுத்துப் போயிருப்போம். வீட்டுக்குள் எந்த மோட்டாரும் ஓடவில்லை, ஆனால் காற்றுக்கு வரவும் போகவும் கணக்கு இருந்தது.

இப்போது பாதி வீட்டை இடித்துக் கான்கிரீட் போட்டிருக்கிறது. முற்றத்தின்மேல் குரங்குக்காகக் கம்பி, கம்பிமேல் மழைக்காக பாலிகார்பனேட் தகடு. சித்தப்பா மகன் எனக்குத் தம்பி. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வயதான இருவரை வைத்துக்கொண்டு குரங்கையும் கொசுவையும் தூசியையும் நாள்தோறும் சமாளிக்கிறவன் அவன்தான். நாங்கள் போன அன்று தெருவில் ஆடிக் காற்று கோலப் பொடியைத் தூக்கி அடித்தது. உள்ளே கூடத்தில் ஒரு காலண்டர் தாள் அசையவில்லை. மாடி அறையில் ஏ.சி. நாலு மணி நேரமாக ஓடியும் புழுங்கியது.

“மெஷின் பழசாயிடுத்துக்கா, மாத்தணும்” என்றான்.

மாலை ஆறு மணிக்கு அவனைக் கட்டில்மேல் ஏறி நின்று உட்கூரையில் கை வைக்கச் சொன்னேன். சட்டென்று இழுத்துக்கொண்டான். மொட்டைத் தளத்தின்மேல் சுருக்கியும் இல்லை, தட்டோடும் இல்லை. வெறும் கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அறைக்குள் கக்குகிறது. எந்த மெஷினை மாட்டினாலும் முதலில் அந்தத் தளத்தோடுதான் அது மல்லுக்கட்ட வேண்டும். குடியிருப்புகளுக்காக 2018இல் மத்திய அரசு வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம் என்பதற்கு வரம்பே வைத்திருக்கிறது. திருச்சியில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும். ரெஜைனாவில் ஜனவரியில் மைனஸ் 30. இரண்டு ஊரிலும் முதல் செலவு கூரைக்குத்தான். வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிக்கலாம்; முடியாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை சுண்ணாம்பாவது அடிக்கலாம். பிறகு ஏ.சி.யை 24இல் வைத்தாலே போதும். ஸ்பிளிட் ஏ.சி. அறையின் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது, புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை என்பதையும் சொன்னேன். சாத்திய அறையில் காலையில் தலை கனக்கிறது என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கடைசியில் டைல்ஸுக்குச் சதுர அடி கணக்குப் போட ஒரு நோட்டை எடுத்தான். அம்மாவோ அதற்குள் ரேழிக்குப் போய் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பாதியில் வென்டிலேட்டர்கள் இன்னும் இருந்தன. தூசி வருகிறதென்று யாரோ எந்தக் காலத்திலோ செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள்.

“ஏணியை எடுத்துண்டு வாடா” என்றாள்.

முதல் சுருளை உருவியதும் மஞ்சளாகிப்போன தாள் அவன் கையிலேயே பொடிந்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதை உருவியபோது கூடத்துக் காலண்டர் சுவரில் படபடவென்று அடித்தது. தாத்தா படத்து மாலை ஆடியது. சித்தி எழுந்து வந்து, கொசு வரும் என்றாள். தம்பி ஏணியில் நின்றபடியே என்னிடம் டேப்பைக் கேட்டு வாங்கி, வலை அடிப்பதற்கு அளவு எடுக்க ஆரம்பித்தான்.