ஏழு மணி இருட்டு

பள்ளி திறக்கும் வாரம் வந்துவிட்டால் நாளிதழ்களில் சாலைப் பாதுகாப்பு அறிவுரைகள் வரிசை கட்டி நிற்கும். வேகத்தைக் குறையுங்கள், தலைக்கவசம் அணியுங்கள் என்பார்கள். சரிதான். ஆனால், எங்கள் சிம்பாங் ரெங்கத்தில் பள்ளிப் பிள்ளைக்கு முதல் ஆபத்து இருட்டு. அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. சபா, சரவாக்கோடு சேர்த்து நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. சூரியன் மட்டும் நகரவில்லை! ஜொகூரில் நவம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய 6.50க்கு எழும் சூரியன், ஜனவரி, பிப்ரவரியில் 7.10, 7.20 என்று தாமதிக்கிறது. கோவிட் காலத்தில் மார்ச்சுக்குத் தள்ளிப்போன பள்ளித் தொடக்கம் 2026இல் மீண்டும் ஜனவரிக்கு வந்தது. ஆக, ஆண்டிலேயே தாமதமாக விடியும் நாட்களில், வடகிழக்குப் பருவமழையும் ஓயாத வேளையில், முதலாம் ஆண்டுப் பிள்ளை புத்தகப்பையோடு சாலைக்கு வருகிறது.

அது என்ன சாலை? கூட்டரசு முதலாம் எண் சாலை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை வந்த பிறகும் லோரிகள் அதை விட்டுவிடவில்லை. அன்னாசியும் செம்பனையும் விளையும் ஊரில் லோரி இல்லாமல் முடியுமா? என் அப்பாவே செம்பனைக் குலை லோரி ஓட்டுநர்தான்.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, ஒரு விடுமுறை நாளில் அப்பா என்னைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். நாலு வயது தம்பியை லோரியின் முன்னால், இடது ஓரமாக நிற்கச் சொன்னார்.

"தம்பி தெரியிறானா?"

சாலை தெரிந்தது, மரங்கள் தெரிந்தன. தம்பி தெரியவில்லை.

"பகல்லயே இப்படி. காலையில ஏழு மணிக்கு நெனச்சுப் பாரு பாப்பா" என்றார். நிற்கும் லோரிக்கு முன்னால் நான் இன்றுவரை சாலையைக் கடப்பதில்லை.

பள்ளி வட்டாரத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று பலகை இருக்கிறது. 60இல் வரும் வாகனம், ஓட்டுநர் பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கும் ஒரு வினாடிக்குள் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகு நிற்க எடுக்கும் தூரமும் 30இல் வருவதைப்போல் நான்கு மடங்கு. இருட்டில் கண்பதே தாமதம் என்றால் கணக்கு எங்கே போய் முடியும்?

அடுத்து மோட்டார். 2020 முதல் காரில் செல்லும் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். நல்ல சட்டம். ஆனால், காரே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு? நம் நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் மோட்டாரில் சென்றவர்கள். தலைக்கவசச் சட்டம் வந்தது 1973இல். இன்றும் பள்ளி வாசலில் அப்பாவுக்குத் தலைக்கவசம், பின்னால் இரண்டு வெறுந்தலைகள். அவர்களை ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேன் கட்டணம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. தொழிற்சாலைச் சம்பளமோ ஒன்றுதான். காலணி, சீருடை வழங்கும் சங்கங்கள் ஒரு தலைக்கவசத்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

இடைநிலைப் பள்ளியிலோ வேறு கதை. 16 வயது ஆகாமல் உரிமம் கிடையாது; மூன்றாம் படிவத்திலேயே மோட்டாரில் வந்தவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. 2025 ஜூன் 9ஆம் நாள் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து உயிரிழந்த 15 உப்சி மாணவர்களும் விடுமுறை முடிந்து படிக்கத் திரும்பியவர்கள்தாம்.

என் பழைய புத்தகப்பையில், அப்பாவின் பாதுகாப்பு மேலாடையிலிருந்து அம்மா வெட்டித் தைத்த பளபளக்கும் பட்டை இன்னும் இருக்கிறது. பை கொஞ்சம் சாயம் போய்விட்டது. இந்த ஆண்டு அதை மாமா மகள் முதலாம் ஆண்டுக்குத் தூக்கிப் போகிறாள். வேன் ஓட்டுகிற அண்ணன் அவளைத் தூரத்திலேயே கண்டுகொள்கிறாராம்.